லேப்டாப் பேக்கப்: எந்த டிஸ்க், எத்தனை டிஸ்க்? – வாசகர் கேள்வி பதில்

லேப்டாப் பேக்கப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பல கடிதங்களில் ஒரே குழப்பம் இருந்தது. அதனால் அதை அப்படியே காட்டும் மார்த்தாண்டம் வாசகரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம்.

மார்த்தாண்டத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாண ஆல்பம் வேலை முடிந்ததும் படங்களையெல்லாம் 2 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்துவிடுவேன். இப்போது டிஸ்க் நிறைந்துவிட்டது. அடுத்து 4 டி.பி. வாங்கட்டுமா, 5 டி.பி. வாங்கட்டுமா?
– ஸ்டுடியோ உரிமையாளர், மார்த்தாண்டம்

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். நீங்கள் செய்துவருவது பேக்கப் இல்லை, இடம் மாற்றுவது. லேப்டாப்பில் அழித்ததோடு அந்தக் கல்யாணத்தின் படங்கள் அந்த ஒரே டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. அது கீழே விழுந்தால் மணமக்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? புதிய டிஸ்க் வாங்கியதும் முதல் வேலையாக, நிறைந்துபோன பழைய 2 டி.பி. டிஸ்க்கில் உள்ளதை முழுவதும் இன்னொன்றில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பிரதிகள் 3, அவை இருக்கும் சாதனங்கள் 2 வகை, அதில் 1 பிரதி வேறு இடத்தில். உங்கள் தொழிலுக்கு அதை இப்படி நடத்தலாம். இரண்டு டிஸ்க்குகளுக்கும் 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டுங்கள். 'அ' ஸ்டுடியோவில் இருக்கட்டும், 'ஆ' வீட்டில். வாரம் ஒரு நாள் 'ஆ'வைக் கொண்டுவந்து அந்த வாரத்து வேலையை ஏற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுபோங்கள். ஒரு கல்யாணத்தின் படங்கள் இரண்டு இடத்தில் ஏறும்வரை கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில், ஒரே மாடலாக வாங்காமல் கம்பெனியையோ மாதத்தையோ மாற்றி வாங்குவது நல்லது. ஒரே தொகுப்பில் தயாரானவற்றுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்பு உண்டு.

பெரிய கோப்புகளைக் கையாள்பவர் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கையடக்கமான 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பலவும், குறிப்பாகக் கொள்ளளவு கூடியவை, 'எஸ்.எம்.ஆர்.' முறையில் எழுதுகின்றன. கூரைக்கு ஓடு வேயும்போது ஒரு வரிசையின் விளிம்பை அடுத்த வரிசை மூடுமே, அப்படித் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள வரிசைகளையும் பிரித்துத் திரும்ப வேய வேண்டும். டிஸ்க் புதிதாகக் காலியாக இருக்கும்போது நொடிக்கு 120 எம்.பி. வேகத்தில் ஏறும். பழையவற்றை அழித்து அழித்து எழுதிய பிறகு, ஒரே மூச்சில் 200 ஜி.பி. ஏற்றினால் பாதியில் வேகம் 30 எம்.பி.க்கும் கீழே இறங்கிவிடும். அது பழுதில்லை. பேக்கப்புக்கு இந்த டிஸ்க் போதும், ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். ஆனால் எடிட்டிங்கை அதில் வைத்துச் செய்யாதீர்கள். நடப்பு வேலை லேப்டாப்பின் உள்ளேயே இருக்கட்டும்.

மேசையை விட்டு நகரவே போவதில்லை என்றால் 3.5 இன்ச் டிஸ்க்கும் வாங்கலாம். அதற்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். கரண்ட் போனால் டிஸ்க்கும் நிற்கும், அதனால் யு.பி.எஸ். இணைப்பில் வையுங்கள்.

பள்ளி வேலைக்கும் குடும்பப் படங்களுக்கும் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். 512 ஜி.பி.யில் சுமார் 300 ஜி.பி. நிறைந்திருக்கிறது. ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? 1 டி.பி. போதுமா?
– ஆசிரியை, தக்கலை

1 டி.பி. போதும், 2 டி.பி. வசதி. பேக்கப் மென்பொருள் ஒரே கோப்பின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் லேப்டாப்பின் மொத்தக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். வாங்கி வந்து சொருகியதும் 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 ஜி.பி.யை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. இதே கணக்கில் 2 டி.பி. டிஸ்க் 1.81 டி.பி. என்று தெரியும்.

இனி வகை. ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன, அவற்றுக்குச் சில நானோமீட்டர் மேலே, தரவைப் படித்து எழுதும் தலைமுனை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. பையில் போட்டுப் பஸ்ஸில் தினமும் கொண்டு செல்பவர் எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். வீட்டு அலமாரியை விட்டு வெளியே வராது என்றால் ஹார்டு டிஸ்க் போதும். ஒரே கொள்ளளவுக்கு அதன் விலை நன்றாகக் குறைவு.

வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 300 ஜி.பி.யை நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஏற்ற 50 நிமிடம் ஆகும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். எஸ்.எஸ்.டி. அதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் இது முதல் நாள் கதை மட்டும்தான். மறுவாரம் முதல் மாறியவை மட்டுமே ஏறும், எந்த டிஸ்க்கானாலும் ஐந்து பத்து நிமிடம். உங்களுக்கு 2 டி.பி. ஹார்டு டிஸ்க்கையே சொல்வோம்.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு பலவீனம் உண்டு. தரவு மின்னேற்றமாக நிற்கிறது, மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் வைத்தால் அது மெல்லக் கசியும். நிறைய எழுதித் தேய்ந்துபோன எஸ்.எஸ்.டி.யில் இன்னும் சீக்கிரம், இடம் சூடாக இருந்தால் அதைவிடச் சீக்கிரம். பிள்ளைகளின் படங்களை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிப் பெட்டிக்குள் பூட்டி ஐந்து வருடம் மறந்துவிடக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியது: பெட்டியில் யு.எஸ்.பி. 3 என்று இருக்க வேண்டும், வீட்டில் அதே வகைத் துளையில் சொருக வேண்டும். பல லேப்டாப்புகளில் அந்தத் துளையின் உள்நாக்கு நீல நிறமாக இருக்கும். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் சொருகினால் நொடிக்கு 35, 40 எம்.பி.யைத் தாண்டாது. லேப்டாப்பில் சி-டைப் துளை மட்டுமே இருந்தால் அதற்கேற்ற கேபிளையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கடலிலிருந்து 200 மீட்டரில் வீடு. முன்பு வாங்கிய டிஸ்க்கின் கேபிள் சொருகும் இடம் பச்சைப் பிடித்து, தொட்டால் இணைப்பு விட்டுப்போகிறது. அடுத்ததை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, முட்டம்

உப்புக்காற்றின் வேலைதான். உப்புத் துகள் படிந்த இடம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முனையில் உள்ள மெல்லிய முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பு பச்சைப் பிடிக்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கரையோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பழைய டிஸ்க் அநேகமாக இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷின் நுனியை நனைத்து, துளையையும் கேபிள் முனையையும் தேயுங்கள். கால் மணி நேரம் உலரவிட்டு, புதிய கேபிளோடு சொருகிப் பாருங்கள். படித்தால் உடனே உள்ளே இருப்பதை நகலெடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே இரண்டும் வேண்டாம். அவை படிந்து தூசியைச் சேர்க்கும்.

அடுத்ததை வாங்கும்போது சி-டைப் துளை உள்ளதாகப் பாருங்கள். பல ஹார்டு டிஸ்க்குகளில் உள்ள, நடுவில் பள்ளம் விழுந்த அகலமான மைக்ரோ-பி முனை சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த இடத்தில் உப்பும் எளிதாக ஏறும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கை ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உள்ளே 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு போடுங்கள். நீல மணி வகை வாங்கினால், ரோஸ் நிறமானதும் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நீல வகையில் கோபால்ட் சேர்ந்திருக்கிறது, அதனால் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள். ஓடி முடித்த டிஸ்க்கைச் சூடு ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும். ஏ.சி. அறையிலிருந்தோ ஏ.சி. காரிலிருந்தோ வெளியே கொண்டுவந்தால் அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டுச் சொருகுங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் நீராகப் படியும். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகள் முழுக்க அடைக்கப்பட்டவை இல்லை. காற்றழுத்தம் சமப்பட அவற்றில் வடிகட்டியோடு கூடிய சிறு துளை உண்டு, அதன் வழியே ஈரம் உள்ளேயும் போகும்.

16 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஆன்லைனில் காட்டுகிறது. வாங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

வேண்டாம், போலி. உள்ளே பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். முதலில் போடும் கோப்புகள் நன்றாகத் திறக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் 'காப்பி ஆகிவிட்டது' என்றே சொல்லும், ஆனால் பழையதன் மேலேயே எழுதும் அல்லது எங்குமே எழுதாது. பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். டிஸ்க் முழுக்கச் சோதனைத் தரவை எழுதித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். நல்ல கடையில் வாங்கிய டிஸ்க்கையும் முதல் நாளே ஒரு முறை இப்படி நிறைத்துப் பார்ப்பது நல்லது. 1 டி.பி. ஹார்டு டிஸ்க்குக்கு எழுதவும் படிக்கவுமாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். உற்பத்திக் குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரியும், மாற்றிக் கேட்கும் கெடுவுக்குள் கடைக்குக் கொண்டுபோகலாம்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 11. ஒன்டிரைவில் எல்லாம் ஏறுகிறது, அதற்கு மேல் டிஸ்க் எதற்கு? தேவை என்றால் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– ஆய்வு மாணவி, நாகர்கோவில்

ஒன்டிரைவ் உங்கள் லேப்டாப்பையும் இணையத்தில் உள்ள மைக்ரோசாஃப்ட் சேமிப்பிடத்தையும் ஒன்றுபோல் வைத்திருக்கும். நீங்கள் ஓர் அத்தியாயத்தைத் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். குறிப்பிட்ட நாட்கள் வரை அங்குள்ள குப்பைத்தொட்டியில் கிடக்கும், நீங்கள் கவனிக்காவிட்டால் அதுவும் போய்விடும். நாலு வருட உழைப்புக்கு அது மட்டும் போதாது.

முதலில் டிஸ்க்கைச் சொருகி அதன் கோப்பு அமைப்பு, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, என்ன என்று பாருங்கள். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்யுங்கள், நடுவில் கேபிள் உருவப்பட்டாலும் ஓரளவு தாங்கும். மேக் கணினி என்.டி.எஃப்.எஸ்.ஐப் படிக்கும், எழுதாது. இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதால் காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்து, விண்டோஸிலேயே உள்ள பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரியை ஸ்டார்ட்டில் தேடினால் கண்ட்ரோல் பேனலில் அது திறக்கும். உங்கள் டிஸ்க்கைக் காட்டும், 'டர்ன் ஆன்' அழுத்துங்கள். இடப்பக்கம் உள்ள 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியில் பழைய வடிவங்களை 'ஃபாரெவர்' என்று வைத்திருக்கும். அப்படியே விட்டால் டிஸ்க் நிறைந்து ஒரு நாள் பேக்கப் நின்றுவிடும். இடம் தேவைப்படும்வரை வைத்திரு என்ற தேர்வுக்கு மாற்றுங்கள்.

இனி பலரும் தவறும் இடம். ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளையும், பல கோப்புறைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் லைப்ரரிகளையும்தான் எடுக்கும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய 'ஆய்வு' கோப்புறையை எடுக்காது. அதை வலது கிளிக் செய்து, கூடுதல் தேர்வுகளைத் திறந்து, ஒரு லைப்ரரியில் சேர்க்க வேண்டும். மேற்கோள்களுக்கு ஜோட்டெரோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் தரவு டாக்குமென்ட்ஸில் இல்லை, உங்கள் பயனர் கோப்புறையில் ஜோட்டெரோ என்ற பெயரிலேயே தனியாக இருக்கும். ஜோட்டெரோவை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை வாரம் ஒரு முறை கையால் நகலெடுங்கள். ஒன்டிரைவில் மேகக் குறியோடு தெரியும் கோப்புகள் லேப்டாப்பில் உண்மையில் இல்லை, அதனால் டிஸ்க்குக்கும் போகாது. வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்தால் முழுவதும் இறங்கும்.

வேலை முடிந்ததும் 'இஜெக்ட்' செய்து கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால் லேப்டாப்போடு சேர்த்து, சொருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

நேர்காணல் பதிவுகள் போன்ற அந்தரங்கத் தரவு இருந்தால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உண்டு. ஹோம் பதிப்பில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் புதிதாகப் பூட்ட முடியாது, வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உதவும். அதன் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பல தாமாகவே உள் டிஸ்க்கைப் பூட்டிவைக்கின்றன. அதன் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதைத் தாளில் எழுதி லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

மேசையிலிருந்து விழுந்த டிஸ்க் 'டக்... டக்...' என்று அடிக்கிறது. விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.
– வாசகர், குளச்சல்

ஃபார்மட் கொடுக்காதீர்கள். டிஸ்க்கை உடனே கழற்றுங்கள். விழுந்த பிறகு அந்தச் சத்தம் வந்தால் பெரும்பாலும் தலைமுனை இடம் தெரியாமல் தவிக்கிறது என்று பொருள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் கூடும், கீறிய இடத்தில் இருந்தது திரும்பக் கிடைக்காது. பழுது நீக்கும் மென்பொருள் எதையும் அதன் மேல் ஓட்டாதீர்கள். திறந்து பார்க்காதீர்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற யோசனையையும் கேட்காதீர்கள்.

விழாத டிஸ்க் இப்படி அடித்தால் கதை வேறாக இருக்கலாம். நீளமான கேபிளோ பல துளை ஹப்போ நடுவில் இருந்தால் சுழலத் தொடங்கும் அளவுக்கு மின்சாரம் போதாமல் முயன்று முயன்று நிற்கும். யு.எஸ்.பி. 2 துளை கொடுப்பது 500 மில்லியாம்பியர், யு.எஸ்.பி. 3 கொடுப்பது 900. குட்டையான வேறு கேபிளால் லேப்டாப்பில் நேரடியாக ஒரே ஒரு முறை சொருகிப் பாருங்கள்.

உங்கள் டிஸ்க்கில் உள்ளது வேறெங்கும் இல்லை என்றால் தூசியில்லாத தனி அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். புதிய டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கொடுக்கும் முன் மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி புதிய டிஸ்க்கைத் தரும், தரவைத் தராது.

ஐப்பசி கார்த்திகையில் இங்கே சாயங்காலமானால் இடி மின்னல். பேக்கப் ஓடும்போது கரண்ட் போனால் என்னவாகும்?
– வாசகர், அருமனை

லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரி பலவீனமாக இருந்தால்தான் ஆபத்து, 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்காதீர்கள். இடி கேட்கத் தொடங்கியதும் சார்ஜரையும், கம்பி வழி இணையம் இருந்தால் அந்தக் கேபிளையும் உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மழைக்காலத்தில் பேக்கப்பைக் காலை வேளைக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீடுகளில் லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் இரண்டுமே நனையும். இரண்டாவது டிஸ்க் வேறு ஊரில் உள்ள அக்கா வீட்டிலோ அலுவலக லாக்கரிலோ இருக்கட்டும். வீட்டில் உள்ளதை டப்பாவோடு தரையிலிருந்து உயரமான தட்டில் வையுங்கள்.

ஒரு டிஸ்க் எத்தனை வருடம் வரும்? கெட்டுப்போகப் போகிறது என்று முன்பே தெரியுமா?
– வாசகர், திங்கள்சந்தை

பத்து வருடம் ஓடியதும் உண்டு, பத்தே மாதத்தில் போனதும் உண்டு. நான்கைந்து வருடம் ஆனதும் புதிதாக ஒன்று வாங்கி, பழையதை மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி சில சமயம் தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓட்டுங்கள். அதில் 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரி, கெட்டுப்போனதால் டிஸ்க் தானே மாற்றிவைத்த இடங்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் எண் பூஜ்யத்தைத் தாண்டினால் படிக்க முடியாத இடங்கள் உருவாகியிருக்கின்றன, அன்றைக்கே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எண் வாராவாரம் கூடினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். முன்பு உடனே திறந்த கோப்புறை இப்போது அரை நிமிடம் தயங்குவதும் அறிகுறிதான். ஆனால் எந்த அறிகுறியும் காட்டாமல் நின்றுபோகும் டிஸ்க்குகளும் நிறைய.

அதனால் திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனையை விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாள், முடிந்தால் வேறொருவர் லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகுங்கள். பழைய படம் ஐந்து, போன வாரத்து ஆவணம் இரண்டு, பெரிய வீடியோ ஒன்று என்று எடுத்துத் திறந்து, வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கடைசியாகப் பேக்கப் ஆன தேதி என்ன என்றும் பாருங்கள். இஜெக்ட் செய்தபின் சோதித்த தேதியை டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் எழுதிவிட்டு டப்பாவில் வையுங்கள்.